பொட்டை நண்டு

மதுரையில் நண்டு ஆராய்ச்சி செய்கிற பொன்மணிக்கு ஓர் ஆண் நண்டு வேண்டும். கல்யாண வயசில் நண்டுக்கு மாப்பிள்ளை தேடுகிறாளே என்று அவள் அம்மா தான் வேலை பார்க்கிற தீப்பெட்டி ஆபீஸ் முழுக்கப் புலம்பிவிட்டாள்.

ஆமத்தூர் பக்கம் செல்லப்பாண்டியின் கிணற்றில் பாறை உடைந்து ஒரு குகை திறந்து கிடந்தது. 2006 மழையில் அதிலிருந்து வந்த வெளுத்த நண்டு ஒன்றை அவர் மனைவி முத்துப்பேச்சிதான் வாளியில் பிடித்துக் கொடுத்தாள். நெடுநெடுவென்று கால்கள், கண் இருக்க வேண்டிய இடத்தில் கடுகளவு புள்ளி. புது இனம்தான். ஆனால் அது பெண். ஆண் நண்டின் வயிற்று மடலுக்கு அடியிலிருக்கும் உறுப்பைப் பார்க்காமல் எந்த நிபுணரும் புது இனமென்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

"அந்தக் குகையில கெடக்குறதெல்லாம் பொட்டை நண்டுதான்" என்று முத்துப்பேச்சி அன்றே சொல்லியிருந்தாள். அதை நம்பிப் பொன்மணி குகையை விட்டுவிட்டு, ஆண் நண்டுக்காக எட்டு மாதம் ஓடை, வாய்க்கால், வரப்பு என்று அலைந்தாள். கிடைத்ததெல்லாம் குழம்புக்குப் போகிற வயல் நண்டு.

இதற்குள் பட்டாசு கம்பெனி ஒன்று குடோனுக்குச் செல்லப்பாண்டியின் நிலத்தைக் கேட்டது. கிணற்றை மூட ஜேசிபியும் வந்து நின்றது.

"புது நண்டுன்னு காட்டிரு தாயி, குடோனை வேற மூலையில கட்டச் சொல்லுதேன்" என்றார் செல்லப்பாண்டி. "இல்லாட்டி மத்தியானம் மூடிருவேன்."

"ஒரு ஆண் நண்டுகூடப் பிடிபடலையே" என்றாள் பொன்மணி. "அதைப் பிடிக்க என்ன கஷ்டம்?" என்றாள் முத்துப்பேச்சி. "டார்ச்ச மூஞ்சியில அடிச்சாலும் ஓடாது. அதான் பொட்டையாச்சே!"

"அக்கா, பொட்டைன்னா... கண்ணு தெரியாததா?"

"பெறகு? நீ என்னன்னு நெனச்ச?"

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள்! பொட்டைக்கோழி என்று கேட்டு வளர்ந்த காது, குருட்டு நண்டையெல்லாம் பெண்ணாக்கிவிட்டது. தலையில் குட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்து இறங்கினாள்.

குகைக்குள் முழங்கால் தண்ணீர். முதல் நண்டைப் புரட்டினாள். அகன்ற மடல், பெண். அடுத்ததும் பெண். மேலே ஜேசிபி உறுமியது.

"நான் ஏறாம மண்ணைத் தள்ளிருவீகளா? பாப்போம்!" என்று கத்திவிட்டு இன்னும் உள்ளே தவழ்ந்தாள். ஐந்தாவதின் மடல் குறுகிக் கூம்பியிருந்தது. அதை ஊசியால் நிமிர்த்தினாள். அடியிலிருந்த உறுப்பு, அவள் படித்த எந்தப் படத்திலும் இல்லாதபடி கொக்கியாய் வளைந்திருந்தது.

மேலே ஏறி, அதைச் செல்லப்பாண்டியின் உள்ளங்கையிலேயே வைத்தாள். அவர் அதன் முன் விரலை ஆட்டினார். நண்டு ஓடவில்லை. காலை நீட்டி அவர் விரலை மெல்லத் தடவிப் பார்த்தது.

செல்லப்பாண்டி சட்டென்று டிரைவர் பக்கம் திரும்பினார்.

"ஏலே, நிறுத்துலே! உள்ள ஆளு இருக்கு."