தாய் பெயர்: தெரியாது

முதல் முறை நாங்கள் டெனிங் கவுண்டி கோர்ட்டுக்குப் போனபோது கதவில் பூட்டுத் தொங்கியது. ஏப்ரல் மாதத்துத் திங்கட்கிழமை. கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளில் 'மாநில விடுமுறை' என்று மட்டும் எழுதியிருந்தது. அது எந்த விடுமுறை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். எங்கள் முன்னோர்களை அடிமைகளாகவே வைத்திருக்கச் சண்டை போட்டுத் தோற்ற படையை நினைக்கும் நாள். பெயரை மாற்றிவிட்டார்கள், பூட்டை மாற்றவில்லை.

ஜாக்சன்வில்லிலிருந்து இரண்டரை மணி நேரம் நான் ஓட்டிக்கொண்டு வந்திருந்தேன். முப்பது வருடம் லாரி ஓட்டியவன் என்பதால் எங்கள் குடும்பத்தில் யார் எங்கே போகவேண்டும் என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

"போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்ல?" என்றேன்.

"கேட்டேனே. மெஷின்தான் பேசுச்சு. எட்டரைல இருந்து அஞ்சு மணி வரைக்கும்னு சொல்லுச்சு. எந்தெந்த நாள்னு சொல்லல" என்றாள் வெர்னெல்.

வெர்னெல் என் பெரியப்பா மகள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். தபால் நிலையத்தில் முப்பத்தெட்டு வருடம் ஊர்வாரியாகக் கடிதங்களைப் பிரித்துப் போட்டுவிட்டு ஓய்வு பெற்றாள். சும்மா இருக்கத் தெரியாதவள், எங்கள் கொள்ளுத்தாத்தா பிரின்ஸ் ஸ்பைவியின் இறப்புச் சான்றிதழை எங்கிருந்தோ வரவழைத்தாள். இறந்த வருடம் 1931. தொழில், பண்ணை வேலை. தந்தை பெயர்: தெரியாது. தாய் பெயர்: தெரியாது. தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் எங்கள் தாத்தாவின் கையெழுத்து.

அந்த இரண்டு 'தெரியாது'வும் அவளைத் தூங்கவிடவில்லை.

"அப்பனப் பெத்தவ பேரு கூடவா ஒரு மனுஷனுக்குத் தெரியாது?" என்று திரும்பும் வழியெல்லாம் தாத்தாவைத் திட்டினாள்.

"பிரின்ஸ் சொல்லலன்னா அவருக்கு எப்படித் தெரியும்?"

"வாயத் தொறந்து கேட்டிருக்கணும்."

"நம்ம தாத்தாகிட்ட நீ என்னிக்காவது எதையாவது கேட்டிருக்கியா?"

அவள் ரேடியோவைப் போட்டாள்.

இரண்டாம் முறை மே மாதத்தில் போனோம். கதவு திறந்திருந்தது. உயில், சொத்து, அனாதைப் பிள்ளைகள் விவகாரங்களைப் பார்க்கும் அலுவலகத்தில் டார்லீன் ப்ரூயிட் என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக்காரர், ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதையில்தான் வெர்னெலுக்குக் கோபம் ஏறியது.

"அதெல்லாம் நெருப்புல போச்சு, மேடம்."

"எந்த நெருப்பு?"

"ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தொண்ணுல. அதுக்கு முந்தின புத்தகம் எதுவும் இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"எனக்கு முன்னால இந்தச் சீட்ல இருந்தவங்களும் அப்படித்தான் சொல்வாங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"நெருப்பையா?"

"இல்லம்மா. அலமாரிய."

டார்லீன் கண்ணாடியை மாட்டி வெர்னெலை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

நான் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். வெர்னெல் மாநில ஆவணக் காப்பகத்துக்குப் பேருந்தில் போய் மூன்று நாள் விடுதியில் தங்கிப் பழைய பதிவேடுகளைப் படமெடுத்து வைத்த சுருள்களை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். நான்காம் நாள் காலை எனக்குப் போன் செய்தாள்.

"ருஃபஸ், டெனிங் கவுண்டி உயில் புத்தகம், ஆயிரத்து எண்ணூத்தி அம்பத்தெட்டு. என் கண்ணு முன்னால இருக்கு."

"அது எரிஞ்சு போச்சுல்ல?"

"எரிஞ்ச புத்தகத்த எவன்டா படம் புடிச்சான்? அதுவும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தேழுல?"

படம் பிடிக்க வந்தவர்கள் அப்போது கோர்ட்டில் இருந்த எல்லாப் புத்தகங்களுக்கும் ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள். அதில் நாற்பத்தோராவது வரி: 'வேலைக்கு ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகள், 1866'. அதற்குப் பக்கத்தில் 'படம் எடுக்கவில்லை' என்று குறிப்பு. விடுதலை கிடைத்த மறு வருடம், பழைய ஆண்டைகள் கோர்ட்டுக்குப் போய்க் கறுப்புப் பிள்ளைகளை அனாதை என்று எழுதி, இருபத்தோரு வயதுவரை தங்களுக்கு வேலை செய்யக் கட்டிவைத்துக்கொண்டார்கள். பிரின்ஸுக்கு அப்போது ஒன்பது வயது.

ஜூலையில் மூன்றாம் முறை. வெர்னெல் அந்தப் பட்டியலை டார்லீனின் மேசைமேல் வைத்து, நாற்பத்தோராவது வரியில் விரலை ஊன்றினாள். டார்லீன் நெடுநேரம் படித்தார்.

"இது கீழ்த்தளத்துல இருக்கலாம்" என்றார் கடைசியில்.

"இருக்கலாம்னா?"

"நான் அங்க போனதில்ல, மேடம். ஈரம். சாவி ஹாய்ட்கிட்ட இருக்கு."

கட்டடத்தைப் பராமரிக்கும் அந்த ஹாய்ட் சாப்பிடப் போயிருந்தார். மணி பதினொன்று. எப்போது வருவார் என்றதற்கு, அது தூண்டிலில் மீன் கடிப்பதைப் பொறுத்தது என்றார் டார்லீன். சிரிக்காமல்தான் சொன்னார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவித்த வேர்க்கடலையை உரித்துத் தின்றோம். எனக்கு முழங்கால் வலி. வெர்னெல் தோலைக் காகிதப் பையில் போடாமல் கையிலேயே நசுக்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டேகாலுக்கு ஹாய்ட் வந்தார்.

கீழ்த்தளத்தில் பழைய ஓட்டு எந்திரங்கள், உடைந்த நாற்காலிகள், கிறிஸ்துமஸ் தோரணங்கள் அடைத்த பெட்டிகள். அவற்றுக்குப் பின்னால் இரும்பு அலமாரி. எல்லாமே இருந்தது. நூற்றைம்பது வருடமாக எரிந்துபோனது என்று சொன்ன புத்தகங்கள் வரிசையாக, முதுகில் பூசணம் பூத்து நின்றன. வெர்னெல் பெட்டிகளை ஒதுக்கி வழி செய்தாள். தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்து கடைசித் தட்டிலிருந்து அந்த ஒல்லிப் புத்தகத்தை உருவினாள்.

புத்தகத்தின் பெயர் அட்டவணையில் ஸ்பைவி இல்லை. மறுபடி பார்த்தாள். வேறு வேறு எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். பிரின்ஸ் என்ற பெயரிலும் இல்லை. அப்புறம்தான் புரிந்தது, பிள்ளைகளின் பெயரில் அட்டவணை போடவில்லை. எடுத்துக்கொண்டவனின் பெயரில் போட்டிருந்தார்கள்.

"இப்ப எந்த வெள்ளக்காரன்னு தேடுறது? முந்நூறு பக்கம் இருக்கு. அஞ்சு மணிக்கு மூடிருவாங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது.

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. சின்ன வயதில் நாங்கள் அடம்பிடித்தால் தாத்தா சொல்லிப் பயமுறுத்துவார்.

"டார்ப்லி வந்து புடிச்சிட்டுப் போயிருவான்னு சொல்வாரே, ஞாபகம் இருக்கா?"

"அது பூச்சாண்டிடா."

"பூச்சாண்டிக்கு யாராவது டார்ப்லின்னு பேரு வைப்பாங்களா?"

அவள் 'ட' வரிசைக்குப் போனாள். ஜே. டபிள்யூ. டார்ப்லி, பக்கம் 88.

'பிரின்ஸ், கறுப்புச் சிறுவன், வயது ஒன்பது, அனாதை.' கீழே டார்ப்லியின் கையெழுத்து, நீதிபதியின் கையெழுத்து. அவ்வளவுதான்.

"அனாதை" என்று வெர்னெல் வாய்விட்டுப் படித்தாள். "இதுக்குத்தானா இவ்வளவு அலைஞ்சேன்? இந்த ஒத்த வார்த்தைக்கா?" புத்தகத்தை மூடப் போனாள். நான்தான் தடுத்தேன். ஓரத்தில் மங்கிய மையில் ஏதோ இருந்தது. 'நடவடிக்கைக் குறிப்பேடு, 212 காண்க.'

அந்தக் குறிப்பேடு மேலே நீதிபதியின் அறையில், அலங்காரத்துக்காகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. தோல் அட்டை, பார்க்க அழகு, அதனால் வைத்திருக்கிறார்கள். உள்ளே எந்த வருடம் என்று டார்லீன் திறந்து பார்த்ததில்லையாம். நீதிபதி ஊரில் இல்லை. டார்லீன் முதலில் முடியாது என்றார். பிறகு எங்கள் உடுப்பில் ஒட்டியிருந்த பூசணத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, போய்ப் பெட்டியைத் திறந்து புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பக்கம் 212, ஜூலை மாதம். 'விடுதலை பெற்றவளான சூக்கி என்பவள் வந்து, பிரின்ஸ் தன் மகன் என்றும், அவனைத் தன்னிடம் தரவேண்டும் என்றும் வேண்டினாள். தள்ளுபடி.'

பக்கம் 219, செப்டம்பர். 'சூக்கி மீண்டும் வந்தாள். தள்ளுபடி.'

பக்கம் 226, நவம்பர். 'சூக்கி மீண்டும் வந்தாள். தள்ளுபடி.'

பக்கம் 231, ஜனவரி. 'சூக்கி என்ற பெண் மீண்டும் வந்தாள். இனி இந்த விஷயமாகக் கோர்ட்டைத் தொந்தரவு செய்தால் சிறையில் அடைக்கப்படுவாள் என்று எச்சரிக்கப்பட்டாள்.'

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. வெர்னெல் புத்தகத்தின் கடைசிப் பக்கம்வரை புரட்டினாள். நான் அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பெத்தவ கண்ணு முன்னால நிக்கிறா. நாலு தடவ வந்து நிக்கிறா. அனாதைன்னு எழுதி வச்சிருக்கானுங்க."

டார்லீன் சுவரைத் திரும்பிப் பார்த்தார். 'படம் எடுக்க அனுமதியில்லை' என்று அங்கே பலகை இருந்தது. "நான் போய் காபி எடுத்துட்டு வரேன். எப்படியும் பத்து நிமிஷம் ஆகும்" என்றார். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

வேறு யாராக இருந்தாலும் அந்தப் பத்து நிமிடத்தில் எடுத்த படங்களோடு வீட்டுக்கு வந்திருப்பார்கள். வெர்னெல் நீதிபதியைப் பார்க்க நாள் வாங்கினாள். நான்காம் பயணம் ஆகஸ்டில். கல்பெப்பர் என்ற அந்த நீதிபதி இளைஞர். எழுந்து நின்று கைகுலுக்கினார். அந்தப் பக்கத்தில் 'அனாதை' என்பதை அடிக்க வேண்டும் என்றாள் வெர்னெல்.

"பழைய பதிவுல ஒரு புள்ளி வைக்கக்கூட எனக்கு அதிகாரம் இல்ல, மேடம்."

"பொய் எழுத மட்டும் அதிகாரம் இருந்துச்சா?"

"நான் எழுதலையே, மேடம்."

"நீங்க எழுதுனீங்கன்னு சொல்லல. நீங்க உக்காந்திருக்கீங்க, அதான் உங்ககிட்ட கேக்குறேன்."

அவர் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எழுதிக் கொடுத்தால் இந்த வருடப் புத்தகத்தில் பதியலாம். பழைய பக்கம் அப்படியேதான் இருக்கும், ஆனால் தேடுகிறவர்கள் கையில் இதுவும் அகப்படும்.

செப்டம்பரில் பத்திரத்தோடு போனோம். பதிவுச் சன்னலில் இருந்த பெண் ஒரு அளவுகோலை எடுத்து வைத்து அளந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மேலே மூன்று அங்குலம் வெற்றிடம் விடவேண்டுமாம். வெர்னெல் இரண்டு அங்குலம்தான் விட்டிருந்தாள். அங்கேயே மறுபடி அச்சடித்துத் தருகிறேன் என்றாள் வெர்னெல். அப்படியானால் சாட்சிக் கையெழுத்தும் புதிதாகப் போடவேண்டுமாம், அதைப் போடும் அதிகாரி அன்றைக்கு விடுப்பு. நான் வண்டியில் போய் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அக்டோபரில் ஆறாம் முறை. இந்தத் தடவை டார்லீனே எங்களோடு சன்னலுக்கு வந்து, அந்தப் பெண்ணை எழுப்பிவிட்டுத் தானே கணினிமுன் உட்கார்ந்தார். பிரின்ஸ் ஸ்பைவி என்று அடித்தார். தாய் சூக்கி என்று அடித்தார். கணினி ஏற்கவில்லை. குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போகமாட்டேன் என்றது.

"கோடு போட்டுப் பாருங்க" என்றேன்.

"போட்டேன் சார். எழுத்துதான் வேணுங்குது."

"ஸ்பைவின்னே போடுங்க" என்றேன்.

"அது அவ பேருன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள் வெர்னெல். "நாமளும் இவனுங்க மாதிரி இஷ்டத்துக்கு எழுதவா?"

மூவரும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னால் வரிசையில் இருந்த ஒருவர் செருமினார். கடைசியில் டார்லீன் பெயருக்கான கட்டத்தில் 'விடுதலை பெற்றவள்' என்றும், குடும்பப் பெயர்க் கட்டத்தில் 'சூக்கி' என்றும் அடித்தார். கணினி ஏற்றுக்கொண்டது. வெர்னெல் அச்சுத்தாளை வாங்கி எழுத்துக்களைச் சரிபார்த்தாள். ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. திரும்ப அடிக்க வைத்தாள்.

வெளியே வந்தபோது அவள் முகத்தில் சந்தோஷம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை.

"முடிஞ்சுதுல்ல? இன்னும் ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

"எங்க இருந்து வந்தா அவ? எவ்வளவு தூரம்? அந்த ஜனவரிக்கு அப்புறம் எங்க போனா?"

எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. 1870ஆம் வருட மக்கள்தொகைக் கணக்கில் டெனிங்கிலும் பக்கத்துக் கவுண்டிகளிலும் சூக்கி என்ற பெயரில் ஒன்பது பெண்கள் இருக்கிறார்கள். அப்போது பிரின்ஸ் டார்ப்லியிடம் இருந்ததால் அவர்களில் யார் வீட்டிலும் அவர் பெயர் இல்லை. பிரின்ஸ் பதினாலு வயதில் டார்ப்லியை விட்டு ஓடினார் என்பதற்குப் பத்திரிகை அறிவிப்பு ஒன்று கிடைத்தது. தாயைத் தேடித்தான் ஓடினாரா, கண்டுபிடித்தாரா, அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஒன்பது பேரில் நான்கு பேரை வெர்னெல் இதுவரை கழித்திருக்கிறாள். ஐந்தாமவள் இருந்த கவுண்டியின் கோர்ட் செவ்வாய், வியாழன் மட்டும்தான் திறக்குமாம். போன் எடுக்க ஆளில்லை. போன வாரம் மூன்று நாள் முயன்றுவிட்டு, வண்டிக்கு எண்ணெய் மாற்றி வை என்று எனக்குச் சொன்னாள்.