இருவர் படித்த இயற்பியல்

அந்தப் பள்ளியின் கடைசி வகுப்பில் இயற்பியல் எடுத்தவர்கள் இரண்டே பேர். அரை மார்க் குறைந்தாலும் ஆசிரியர் முன்னால் போய் நின்று ‘தராசு’ என்று பெயர் வாங்கியவள் ஒருத்தி. உட்கார்ந்த இடத்தில் கண் சொக்கிப்போகும் ‘பஞ்சு’ இன்னொருவன்.

உள்மதிப்பீட்டில் பஞ்சு முதலிடம். தராசுக்கு ஒரே ஒரு மார்க் குறைவு. அவள் தன் கையால் செய்த நீரேற்றும் பம்பு, ஆசிரியரின் சட்டைமேல் துப்பிவிட்டது. பஞ்சுவின் பம்பு துப்பவில்லை. அதைச் செய்தவர் பொறியாளரான அவன் அக்கா வீட்டுக்காரர்.

போகட்டும் என்றுதான் இருந்தாள். பொதுத் தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கையில் ஆசிரியர் விதியை விளக்கினார்.

“நான் போட்ட உள்மதிப்பீட்டு மார்க்கைத் தேர்வு வாரியம் எடுத்துக்காதும்மா. யாரு முதல், யாரு ரெண்டாவதுன்னு மட்டும்தான் பாக்கும். பொதுத் தேர்வுல இந்த வகுப்போட பெரிய மார்க் எதுவோ, அதுதான் முதல் ஆளுக்கு உள்மதிப்பீடு. சின்னது ரெண்டாவது ஆளுக்கு. அதையும் தேர்வு மார்க்கையும் கூட்டி ரெண்டால வகுப்பாங்க.”

“பெரிய மார்க்கை நான் எடுத்தா?”

“பஞ்சுவுக்குப் போகும்.”

“பஞ்சு எடுக்கறது சார்?”

ஆசிரியர் கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மருத்துவம் சேரத் தராசுக்கு இயற்பியலில் தொண்ணூறு வேண்டும். அவள் தொண்ணூற்றெட்டே எடுத்தாலும் பஞ்சு குறைந்தது எண்பத்திரண்டு எடுத்தாக வேண்டும். ஆகவே தினமும் பள்ளி விட்டதும் பஞ்சு வீட்டுச் சமையலறை மேசையில் அவனுக்குப் பாடம் நடத்தினாள். அவன் அம்மா காய் நறுக்கியபடியே இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார்.

“நல்ல பொண்ணா இருக்கே. சமைக்கத் தெரியுமாம்மா?”

எண்பத்திரண்டை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“நீ படிச்சாதாண்டா எனக்கு மார்க்” என்று தாளில் அம்புக்குறி போட்டு விதியை மூன்று முறை விளக்கினாள். மூன்றாவது முறை பஞ்சு விழித்திருந்தான். அதையே பெரிய முன்னேற்றமாக எடுத்துக்கொண்டாள்.

தேர்வன்று பாதி நேரத்திலேயே பஞ்சு விடைத்தாளைக் கொடுத்துவிட்டு எழுந்தான். அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திவிட்டு வெளியே போனான்.

முடிவு வந்தது. தேர்வில் அவளுக்குத் தொண்ணூற்றெட்டு. அவனுக்கு அறுபத்திரண்டு. மாற்றிப் போட்டு, கூட்டி, வகுத்ததில் இருவருக்கும் எண்பது. ‘இயற்பியலில் இருவர் முதலிடம்’ என்று பள்ளி வாசலில் பலகை வைத்தார்கள். படத்தில் பஞ்சு கண்ணை மூடியிருந்தான்.

பலகைக்குக் கீழேயே அவனைப் பிடித்தாள். “ஏண்டா பாதியில எழுந்து போன?”

“எழுபத்தஞ்சு வந்தா அப்பா பைக் வாங்கித் தர்றேன்னாரு. உன் மார்க் எனக்கு வரும்னு நீதானே படம் போட்டுக் காட்டின? நீ எப்படியும் தொண்ணூத்தஞ்சைத் தாண்டுவ. எனக்கு அறுபதே தாராளம்னு கணக்குப் போட்டேன்.”

“உன் மார்க் எனக்கு வரும்னும் காட்டினேனே.”

பஞ்சு யோசித்தான். “அம்புக்குறி ரெண்டு இருந்துச்சு. நான் ஒண்ணைத்தான் பாத்தேன்.”

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

“வண்டி வந்ததும் முதல்ல உன்னைத்தான் ஏத்திட்டுப் போவேன்” என்றான் நன்றி மறக்காத பஞ்சு. “எங்க போகணும், சொல்லு.”

தேர்வு முடிவுக்கு முன்னால் கேட்டிருந்தால் மருத்துவக் கல்லூரிக்கு என்று பட்டென்று சொல்லியிருப்பாள்.