கூட்டுறவு இல்லாத மூலை

கும்மிடிப்பூண்டி வளர்ச்சி அலுவலகத்துக்கு அந்த ஐப்பசியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. சென்னையில் நடக்கப்போகும் கைத்தொழில் பொருட்காட்சிக்கு ஒவ்வொரு வட்டாரமும் ஓர் ஒட்டுப்போர்வை அனுப்ப வேண்டும். பல நிறத் துணித்துண்டுகளைச் சதுரமாகத் தைத்து, சதுரங்களை இணைத்தால் போர்வை. சதுரத்தின் வடிவம் அந்த வட்டாரத்துக்கே உரிய அசல் கற்பனையாக இருக்க வேண்டும். அசல் கற்பனை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு மாதிரிப் படம் ஒன்றும் இணைத்திருந்தார்கள்.

எளாவூர்ப் பக்கத்தில் இதையே பொந்த என்பார்கள். கிழிந்த புடவைகளை அடுக்கித் தைத்து, பிள்ளைகளை அதில் படுக்கவைப்பார்கள். அதைப் பற்றி எந்த அரசாங்கமும் அதுவரை சுற்றறிக்கை அனுப்பியதில்லை. அதனால் ஒழுங்காகத் தைத்துவந்தார்கள்.

வீரராகவன் அந்த அலுவலகத்தில் சமூகக் கல்வி அமைப்பாளன். வயது இருபத்தேழு. பொருளாதாரத்தில் பி.ஏ. மனைவி குணசுந்தரி பிரசவத்தில் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பிள்ளையும் தங்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு அவன் ஏமாற்றத்தையே தந்தான். அழவில்லை. சாப்பிட்டான், சவரம் செய்துகொண்டான், பத்து மணிக்கு அலுவலகம் போனான். கேட்டால் பதில் சொன்னான். கேட்காவிட்டால் இல்லை.

பி.டி.ஓ. துளசிராமன் சதுரத்தை அவன் தலையில் கட்டினார். "இந்த ஆபீஸ்ல பி.ஏ. படிச்சவரு நீங்க ஒருத்தர்தான். கற்பனையெல்லாம் உங்களுக்குத்தான் வரும். திங்கட்கிழமை மேஜைமேல இருக்கணும்."

திங்கட்கிழமை காலைவரை எதுவும் வரவில்லை. கிளம்பும்போது குணசுந்தரியின் தையல் டப்பா கண்ணில் பட்டது. பிறக்கப்போகும் பிள்ளைக்காக அவள் தைக்கத் தொடங்கிய முதல் சதுரம் அதற்குள் இருந்தது. கால்வாயில் போகும் உப்புப் படகுகளைப் பார்த்து அவளாகவே போட்ட வடிவம். நடுவில் கறுப்புச் சதுரம். சுற்றி நான்கு சிவப்பு முக்கோணங்கள், காற்று பிடித்த பாய்களைப் போல. மூலைகளில் மஞ்சள், பச்சை, நீலம். நான்காவது மூலை தைக்கப்படவில்லை. அங்கே அடித்துணியான காடா அப்படியே தெரிந்தது. அதைப் பார்த்துத் தாளில் வரைந்துவிடலாம் என்று பையில் போட்டுக்கொண்டு போனான்.

பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கையிலேயே துளசிராமன் வந்து துணியைக் கையில் எடுத்துவிட்டார்.

"அடேயப்பா! வரையச் சொன்னா தெச்சே கொண்டாந்துட்டீங்களா? அப்பாவு, நோட் எழுதும்!"

தலைமை எழுத்தர் அப்பாவு எழுதினார். துளசிராமன் துணியைப் பார்க்காமல் விட்டத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார். நடுச் சதுரம் கிராமம். முக்கோணங்கள் ஐந்தாண்டுத் திட்டத்தின் வேகம். நான்கு மூலைகளும் நான்கு நிறங்களில் முறையே விவசாயம், கல்வி, சுகாதாரம், கூட்டுறவு. பொருட்காட்சியைத் திறந்துவைக்கப் போகிறவர் கூட்டுறவுத் துறையின் மேலதிகாரி என்பதால் கடைசிச் சொல்லை இரண்டு முறை அழுத்திச் சொன்னார். வடிவத்தை ஆக்கியவர் திரு. வீரராகவன், பி.ஏ.

அப்பாவு துணியின் ஓரத்தில் ரப்பர் முத்திரை குத்தினார். சிவப்பு மையால் பக்க எண் பதினேழு என்று போட்டார். கோணூசியால் துளைத்து, டேக் நூலைக் கோத்து, கோப்பில் கட்டினார்.

வீரராகவன் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எட்டு மாதமாக விட்டுப்போன பழக்கம், சட்டென்று வரவில்லை.

புதன்கிழமை ஆலோசனைக் குழு கூடியது. ஊராட்சித் தலைவர் அருணாச்சலம், மாதர் சங்கத் தலைவி கெங்கம்மாள், பழவேற்காட்டு ஜவுளி வியாபாரி ஷேக் தாவூத். காராபூந்தியும் காப்பியும் வந்தன. கோப்பு கைமாறிக் கைமாறிப் போனது.

"இன்னா சார் இது, செவப்பும் கறுப்பும் ஒட்டிகினு இருக்குது?" என்றார் அருணாச்சலம். "எலக்சன் வரச்சொல்ல கழகத்துக்கு நாமளே கொடி தெச்சுக் குடுத்தாப்பல இருக்குது."

துளசிராமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கறுப்ப எடுத்துடலாம்."

"எடுத்தா செவப்பு தனியா நிக்கும். அது வேற கட்சி."

"அப்போ செவப்பயும் எடுத்துடலாம்."

"பச்சயயும் எடுத்துடுங்க சார்" என்றார் ஷேக் தாவூத். "நான் குந்திகினு இருக்கிற கமிட்டியில பச்ச வந்தா, சாயபு சொல்லித்தான் வெச்சாங்கன்னு பேச்சு வரும். நமக்கு எதுக்கு அந்த பேஜாரு?"

"கெங்கம்மா, நீங்க ஒண்ணும் சொல்லலியே?"

"மஞ்ச வேணாங்க. எங்க சம்பந்தி ஊட்டுக்கு மஞ்சக் கடுதாசி வந்து ஆறு மாசம்கூட ஆவல. திவாலானத சாடையா குத்திக் காட்டறாப்பல இருக்கும்."

"நீலம்?"

"அது சனீஸ்வரன் கலரு" என்றார் அருணாச்சலம். "காசு குடுத்து யாருனா சனியனப் போத்திக்குவாங்களா?"

மிச்சம் என்ன என்று துளசிராமன் யோசித்தார். "வெள்ளை?"

"நல்லா இருக்குதே!" கெங்கம்மாள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். "எங்க ஊட்டுக்காரரு கல்லாட்டம் இருக்காரு. நான் எதுக்குங்க வெள்ளயத் தொடணும்?" சொல்லிவிட்டு வீரராகவனைப் பார்த்தாள். உடனே காராபூந்தியைப் பார்த்தாள்.

துளசிராமன் முடிவு சொன்னார். ஆட்சேபணை இல்லாத நிறம் கிடைக்கும்வரை, ஆட்சேபணைக்குரிய நிறங்களைச் சதுரத்திலிருந்து பிரித்து எடுத்துவிட வேண்டும். பிரித்ததைக் குழு நேரில் பார்க்க வேண்டியிருப்பதால், வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வைத்தே பிரிக்க வேண்டும். மாதர் நலப் பிரிவு சாராள் கத்தரிக்கோலோடு வர வேண்டும்.

குணசுந்தரி தைத்த ஒவ்வொரு தையலையும் வெள்ளிக்கிழமை வீரராகவனின் கண்ணெதிரே பிரிக்கப்போகிறார்கள். குழு முடிந்ததும் நேராக அப்பாவுவிடம் போனான். 

"அந்தத் துணி என்னுது சார். என் மனைவி தெச்சது. எடுத்துக்கறேன்."

அப்பாவு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உங்களுதா இருந்துச்சு சார். இப்போ அது பதினேழாம் பக்கம்."

"திரும்ப வாங்க வழியே இல்லியா?"

"இல்லாம இன்னா? மனு போடணும். தெச்சவங்க கையெழுத்து வேணும்."

சொல்லிவிட்டு அப்பாவு நாக்கைக் கடித்துக்கொண்டார். "ரூலு அப்படி சார். நானா சொல்லல."

"நான் செஞ்சதுன்னு நோட்ல இருக்கறது பொய்னு எழுதித் தரேன். மெமோ குடுக்கட்டும்."

"குடுப்பாங்க. மெமோவுக்கு ஆதாரம் வெக்கணுமே? ஆதாரமும் இந்தத் துணிதான். அப்புறம் அது ரெண்டு ஃபைலுக்கு சொந்தம். உங்க ஆயுசுக்கும் வராது."

வீரராகவன் கோப்பை வாங்கிப் படித்தான். படிப்பது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்த வேலை. குறிப்பை மூன்று முறை படித்துவிட்டு, துணியின் பக்கம் திருப்பி மேஜைமேல் வைத்தான்.

"நோட்ல எத்தினி மூலை போட்டிருக்கு?"

"நாலு."

"துணியில?"

அப்பாவு எண்ணினார். விரலை வைத்து மறுபடியும் எண்ணினார். முகம் வெளிறிவிட்டது.

"சார், கூட்டுறவு எங்க சார்?"

"இல்லை."

"அய்யோ! அப்போ இது இணைப்பே இல்லியே! நோட்ல இருக்கிற துணி எங்க? இணைப்பு காணாம போனா என் தலைதானே உருளும்? பென்சனுக்கு ரெண்டு வருசம் இருக்குது சார்." 

"நாலு மூலையோட ஒண்ணு கொண்டாந்தா?"

அப்பாவு சுற்றுமுற்றும் பார்த்தார். "வெள்ளிக்கிழமை காலையில கொண்டாங்க. அத உள்ள வெச்சு, இத சம்பந்தமில்லாத துணின்னு வெளிய எடுத்துடறேன். நோட்ல இருக்கிறாப்பலயே இருக்கணும், ஆமா."

கடைத்தெருவில் பக்கீர் முகம்மதுவின் தையல் கடை. அவர் மனைவி குல்சும், கடையில் விழும் வெட்டுத்துணிகளை மூட்டையாக வைத்துக்கொண்டு பொந்த தைப்பாள். குணசுந்தரி துணி வாங்கியது அவளிடம்தான்.

"வா தம்பி" என்றாள் குல்சும். அவன் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். சிரிப்பை முந்தானையால் மறைத்தாள். அதே கறுப்பு, அதே சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக மூட்டையிலிருந்து உருவிப் போட்டாள்.

"நீங்களே தெச்சுக் குடுத்துடுங்க" என்றான்.

"நான் தெச்சா நல்லா வந்துடும். நீ தெச்சதுன்னு உங்க ஆபீசுல எவன் நம்புவான்? ஊசியப் புடி. அப்படி இல்ல, விரல குத்திக்குவ. தோ, குத்திக்கினியா?"

இரண்டு மாலை அவள் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தான். வரிசை கோணியது. முக்கோணங்கள் பாயைப் போல இல்லை, மழையில் நனைந்த அப்பளத்தைப் போல இருந்தன. வியாழக்கிழமை மாலை மூன்று மூலைகள் முடிந்தன.

"நாலாவதுக்கு இன்னா கலரு?"

"அவ என்ன வெச்சிருப்பா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நானும் கேட்டேன். 'அவர கேட்டுகினு வந்து சொல்றேங்கா'ன்னு போச்சு அந்தப் பொண்ணு. உன்னிய கேக்கலியா?"

கேட்டாள். அன்று அவன் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தான். ஏதோ ஒரு ஐந்தாண்டுத் திட்டப் புள்ளிவிவரம். நாலாவது மூலைக்கு என்ன நிறம் வைக்கலாம் என்று கேட்டவளிடம், பக்கத்தைத் திருப்பிக்கொண்டே, "ஏதாவது வை" என்றான்.

குல்சும் மூட்டையை அவன் முன்னால் கவிழ்த்தாள். அரக்கு, மயில்கழுத்து, கிளிப்பச்சை, செங்கல், சாம்பல். ஒவ்வொன்றையும் எடுத்து மற்ற மூன்று மூலைகளோடு வைத்துப் பார்த்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். பக்கீர் முகம்மது கடைப்பலகையை எடுத்துவைக்க வந்து, இவனைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"ஏதாவது ஒண்ண வெச்சுத் தெச்சுட்டு எழுந்திரேன் தம்பி. ஆபீசுக்குத்தானே?"

"ஏதாவது வேணாம்" என்றான்.

கடைசியில் வாடாமல்லி நிறத்தில் ஒரு துண்டை எடுத்தான். எதற்கு என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. குல்சும் கேட்கவில்லை. ஊசியில் நூலைக் கோத்து நீட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை அப்பாவு புதிய துணியில் முத்திரை குத்தி, எண் போட்டு, நூல் கோத்தார். பழையதை அவிழ்த்தார். ஆனால் கையில் கொடுக்கவில்லை. வெளியேற்றப் பதிவேட்டில் எழுதாமல் கொடுக்கக்கூடாதாம். எழுதுவதற்குள் குழு கூடிவிட்டது. கோப்பு உள்ளே போனது; அதன் மடிப்புக்குள் பழைய துணியும் போனது.

துளசிராமன் கோப்பைத் திறந்தார். பழைய துணி மேஜைமேல் விழுந்தது.

"இது என்ன, ரெண்டு இருக்கு?" இரண்டையும் தூக்கிப் பிடித்தார். "ஒண்ணு கோழி கெளறின மாதிரி இருக்கே. இது பரவால்ல, தையல் அழுத்தமா இருக்கு. இதையே வெச்சுக்கலாம். சாராள், இதப் பிரிங்க."

சாராள் குணசுந்தரியின் துணியை வாங்கி மடியில் விரித்தாள். கத்தரிக்கோலின் நுனியை ஒரு சிவப்புப் பாய்க்கு அடியில் நுழைத்தாள்.

"சார்!" என்றான் வீரராகவன்.

அந்த அறையில் அவன் குரலை இவ்வளவு உரக்க யாரும் கேட்டதில்லை. சாராளின் கை நின்றது.

"அதுல கூட்டுறவு இல்லை."

"என்னது?"

"மூணு மூலைதான் இருக்கு. விவசாயம், கல்வி, சுகாதாரம். கூட்டுறவை விட்டுட்டு ஒண்ண அனுப்பினா, தெறந்துவைக்க வர்றவர் முதல்ல அதைத்தான் பார்ப்பார்."

துளசிராமன் எட்டிப் பார்த்து எண்ணினார். "எடுங்க அத! மொதல்ல மேஜையவிட்டு எடுங்க! இத யார் உள்ள வெச்சது?"

சாராள் கத்தரிக்கோலை உருவினாள். துணியை வீரராகவனிடம் நீட்டும்போது மெதுவாகக் கேட்டாள்: "உங்க ஊட்டம்மா தெச்சதா சார்?"

அவன் தலையசைத்தான்.

குழு அவனுடைய கோணல் சதுரத்தை ஆராய்ந்தது. வாடாமல்லி மூலையில் எல்லார் கண்ணும் நின்றது.

"இது எந்தக் கட்சி?" என்றார் துளசிராமன்.

அருணாச்சலம் நெடுநேரம் யோசித்தார். "எதுவும் இல்ல சார்."

"சாயபு?"

"நமக்கு ஒண்ணும் இல்ல."

"கெங்கம்மா?"

"எங்கிட்ட இந்தக் கலர்ல பட்டே இருக்குதுங்க."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கிராமம், வேகம், விவசாயம், கல்வி, சுகாதாரம், கூட்டுறவு அனைத்தும் வாடாமல்லி. நாற்பத்திரண்டு ஊர்களும் இதே சதுரத்தை இதே நிறத்தில் தைத்து அனுப்ப வேண்டும். பல நிறத் துணிகளை ஒட்டி, ஒரே நிறத்தில் போர்வை செய்த வட்டாரம் நாட்டில் வேறு இருக்க முடியாது. அந்த வகையில் கற்பனை அசல்தான்.

வெளியே அப்பாவு வெளியேற்றப் பதிவேட்டைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். "விவரம்னு இருக்கிற இடத்துல எழுதிட்டு, கையெழுத்துப் போட்டு எடுத்துக்கினு போங்க சார்."

வீரராகவன் பேனாவை வாங்கி எழுதினான்: குணசுந்தரி தைத்தது. மூன்று மூலை. நான்காவதைக் கேட்டபோது நான் சொல்லவில்லை.

அப்பாவு குனிந்து படித்தார். "இன்னா சார் இது? தணிக்கையில கேப்பாங்க. 'பயனற்ற துணி ஒன்று'ன்னு போட்டுட்டா வம்பே இல்ல. அடிச்சுட்டு எழுதுங்க."

"அடிக்க மாட்டேன்."

"கேட்டா நான் இன்னா சொல்றது?"

"என்னைக் கூப்பிடுங்க. நான் சொல்றேன்."

அப்பாவு அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு மையொற்றுத் தாளை எடுத்து, எழுத்தின்மேல் வைத்து, மெல்ல அழுத்தினார்.