மாத்தியாச்சு

எங்கள் சோதனைக் கூடத்தில் மேலிருந்து சுத்தியல் விழும், கீழே வைத்த இரும்பு வார்ப்பு உடையும். விரிசல் எங்கே ஆரம்பிக்கிறது என்பதைக் கேமரா ஒரே படத்தில் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் கூடத்தையே இழுத்து மூடிவிடுவோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நானும் என் வீட்டுக்காரரும் அங்கேதான் வேலை பார்க்கிறோம். மூடினால் இரண்டு பேர் பிழைப்பும் போச்சு.

ஒருத்தராவது வேறு வேலை தேடலாம் என்றார் அவர். நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்றேன். அன்றிலிருந்து பேச்சு இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூட சுவரைப் பார்த்துத்தான் கேட்பார். எனக்கும் வீம்புக்குக் குறைச்சலில்லை.

சுத்தியல் சென்சாரைக் கடக்கும்போது ஒற்றைக் கம்பியில் கேமராவுக்கு சிக்னல் போகும். பக்கத்து மோட்டார் ஓடினாலே அந்தக் கம்பியில் இரைச்சல் ஏறி, கேமரா கண்ட நேரத்தில் படமெடுத்துத் தள்ளியது. அப்படி வீணாய்ப் போனவை போக, மிச்சம் ஒரே ஒரு வார்ப்பு. கடைசியில் ஒரு சிப்பை வைத்து சிக்னலை இரட்டைக் கம்பியாக்கினேன். ஒன்றில் மின்னழுத்தம் ஏறினால் மற்றதில் இறங்கும். கேமரா இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கும். இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறுவதால் அடிபட்டுப் போகும்.

வார்ப்பு வைக்காமல் வெள்ளோட்டம் விட்டோம். இரைச்சல் ஒழிந்தது. ஆனால் சுத்தியல் சென்சாரைத் தாண்டி முடித்த பிறகுதான் படம் விழுந்தது. இரண்டு கம்பியும் இடம் மாறி, சிக்னல் தலைகீழாகப் போகிறது என்று உடனே புரிந்தது. அவருக்கும் புரிந்திருக்கும், அவர் ஒன்றும் மக்கு இல்லை. நான் சிப்புப் பெட்டியில் கம்பிகளை மாற்றிப் போட்டேன். தடுப்புக்கு அந்தப் பக்கம், கேமரா அருகே அவர் குனிந்திருந்தார். லென்ஸைத் துடைக்கிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

மேனேஜர் வாடிக்கையாளரோடு வந்து நின்றார். "கம்பிய மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சு" என்றோம் இரண்டு பேரும், ஒரே நேரத்தில்.

என் வேலைக்கு இவர் என்ன முந்திக்கொண்டு பதில் சொல்வது என்று பற்றிக்கொண்டு வந்தது. இன்னொரு வெள்ளோட்டம் பார்க்க நினைத்திருந்தவள், அந்த எரிச்சலில் கடைசி வார்ப்பை வைத்து சுவிட்சைத் தட்டிவிட்டேன்.

திரையில் சிதறிப் பறக்கும் துண்டுகள் மட்டும் தெரிந்தன. வாடிக்கையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேனேஜர் எங்களைத் திட்டக்கூட இல்லை, அவரை அழைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

அவர்கள் போன பிறகு நான் பெட்டியைத் திறந்தேன், அவர் கேமரா பக்கத்து இணைப்பைக் கழற்றினார். அங்கேயும் மாற்றிப் போட்டிருந்தது. இரண்டு முனையிலும் மாறியதில் சிக்னல் பழையபடி தலைகீழாகவே போயிருக்கிறது.

"நீயுமா?" என்றார்.

"ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"நீங்களுந்தான்."

அதற்கு மேல் சண்டை போட இருவருக்கும் தெம்பில்லை. அவர் தன் பக்கத்தைப் பழையபடி மாற்றினார். நான் சுத்தியலை விட்டேன். இம்முறை படம் கச்சிதமாக விழுந்தது: சுத்தியலின் நுனி, அதன் கீழே வார்ப்பு இருக்க வேண்டிய வெற்றிடம்.