மூச்சு வரும் வரை

என் நாத்தனார் முதல் தடவை தேர்வில் தவறியதற்குக் காரணம், பொம்மையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்ததுதான்.

சிரிக்காதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். நானும் அவளும் வேலை பார்க்கிற பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் எல்லோரும் பயிற்சி முடித்தே ஆகவேண்டும் என்று புது உத்தரவு. மூச்சு நின்ற பிள்ளைக்கு என்ன செய்வதென்று சொல்லிக்கொடுக்க ஒரு நர்ஸ் வந்தார். கூடவே கைக்குழந்தை அளவில் ஒரு ரப்பர் பொம்மை. நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் சரியாக அழுத்தினால் உள்ளே 'டிக்' என்று கேட்கும். வாயில் ஊதினால் நெஞ்சு எழும்பும். தேறாதவர்களைத் தொட்டில் அறைக்குள் விடமாட்டார்கள். என் நாத்தனாருக்கோ அந்த அறையை விட்டால் வேறு உலகமே கிடையாது. எப்பேர்ப்பட்ட அடங்காப்பிடாரியும் அவள் கை பட்டால் தூங்கிவிடும்.

பல வருடங்களுக்கு முன்னால் அவளுக்கும் ஒரு பெண் பிறந்தாள். தவழும் வயதுகூட வரவில்லை. குப்புறப் படுத்துத் தூங்கிய பிள்ளை, தூக்கும்போது சில்லிட்டிருந்தது. வீடு நிறைய ஆட்கள், ஒருவருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இவள் மட்டும் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நின்றாள். "இருங்க அண்ணி, இப்ப அழும் பாருங்க" என்றாள்.

மறுதேர்வுக்குள் பழகிக்கொள்ளச் சொல்லி நர்ஸ் பொம்மையை எங்களிடமே விட்டுப் போனார். பிடித்தது சனியன்.

மதியம் பிள்ளைகள் தூங்கும்போது திரையை இழுத்துவிட்டு, தொட்டில் தொட்டிலாகப் போய் நெஞ்சில் கை வைத்துப் பார்ப்போம். அந்த அரையிருட்டில் கைதான் கண். அன்றைக்குக் கடைசித் தொட்டிலில் கை வைத்தேன். நெஞ்சு அசையவில்லை. தூக்கினால், பொம்மை.

"ஏன்டி, புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சா? என் உயிரே போயிடுச்சு!"

"பெட்டிக்குள்ள குப்புறக் கிடந்துச்சு அண்ணி. அதான் மல்லாக்கப் போட்டேன்."

பொம்மையைப் பெட்டியில் வைத்துப் பூட்டி அலமாரி மேல் ஏற்றினேன். அதன் பிறகும் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் எங்கோ 'டிக்' என்று கேட்கும். பல்லியாக இருக்கும் என்றார் காப்பக ஓனரம்மா. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த அறைக்குத் தனியாகப் போவதை நிறுத்திவிட்டேன்.

மறுதேர்வை ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் வைத்தார்கள். விடுமுறை, பிள்ளைகள் கிடையாது. தொட்டில் மெத்தைகளைக் காலையில் நான்தான் வெயிலில் போட்டேன்.

"மூச்சு வர்ற வரைக்கும், இல்ல ஆம்புலன்ஸ் ஆளுங்க வந்து வாங்கிக்கிற வரைக்கும் நிறுத்தவே கூடாது. சரியா?" என்றார் நர்ஸ்.

என் நாத்தனார் தலையாட்டிவிட்டு மண்டியிட்டாள். டிக். டிக். டிக். பொம்மையின் வாயையும் மூக்கையும் சேர்த்துத் தன் வாயால் மூடி ஊதினாள். நெஞ்சு எழும்பியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ரொம்பச் சரி. பாஸ்! போதும்மா."

எல்லோரும் கைதட்டினோம். அவள் நிறுத்தவில்லை.

"முடிஞ்சுதும்மா, விடுங்க."

"இன்னும் அழல" என்றாள்.

கைதட்டல் அடங்கியது. நர்ஸ் அவள் தோளைத் தொட்டார். வெடுக்கென்று உதறினாள். "நிறுத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க!" டிக். டிக். வியர்வை பொம்மையின் முகத்தில் சொட்டியது.

நான் எல்லோரையும் விலக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஆம்புலன்ஸ் வந்துடுச்சுடி. குழந்தைய என்கிட்ட குடு. இனி நாங்க பாத்துக்கறோம்."

என்னையே பார்த்தாள். பிறகு கழுத்தை உள்ளங்கையில் தாங்கி, மெதுவாகக் கொடுத்தாள்.

"மூச்சு இருக்கான்னு பாருங்க அண்ணி."

இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தபடி கன்னத்தைப் பொம்மையின் வாயருகே கொண்டுபோனேன். அவள் ஊதிய காற்று உள்ளே தங்கியிருந்திருக்கும், அதுதான் திரும்பி வந்தது என்று நர்ஸ் பிற்பாடு சொன்னார். இருக்கட்டும். என் கன்னத்தில் வெதுவெதுப்பாகப் பட்டது.

"இருக்கு" என்றேன்.

அவள் தொட்டில் அறைப் பக்கம் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள். இத்தனை வருடமாக நான் பார்க்காத சிரிப்பு ஒன்று அவள் முகத்தில் வந்தது. "அழுகுது பாருங்க!" என்று எழுந்து உள்ளே ஓடினாள்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. நர்ஸ் என்னைப் பார்த்தார்.

"பாஸ்னு சொல்லிட்டீங்க. மாத்தக் கூடாது" என்றேன்.

உள்ளேயிருந்து மெல்லத் தட்டிக்கொடுக்கும் சத்தம் வந்தது. நான் பொம்மையைக் கீழே வைக்கவில்லை. கழுத்தைத் தாங்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.