மூன்றாம் தடவை

நிருஷன் ஜெர்மனியில் இயந்திரப் பொறியியல் படிக்கிறான். ஒரு பாடத்தில் இரண்டு தடவை தோற்றுவிட்டான். மூன்றாம் தடவையும் தோற்றால் படிப்பு முடிந்தது, முள்ளியவளைக்குத் திரும்ப வேண்டியதுதான். தேறினால் இன்னும் இரண்டு வருடம் வரமாட்டான். தர்மிளாவை அவனுக்கு நிச்சயித்து நான்கு வருடமாகிறது.

சோதனையன்று காலை, நிருஷனின் தாய் ஜெகதீஸ்வரி அவளை அர்ச்சனைத் தட்டோடு கோயிலுக்கு அனுப்பினார்.

"பாஸாக வேணுமெண்டு வடிவாக் கும்பிடு பிள்ளை."

ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார்.

"நிருஷன், அனுஷம். இண்டைக்குச் சோதனை."

"அப்ப பாஸாக வேணுமெண்டு செய்வமோ?"

தர்மிளா சற்று யோசித்தாள்.

"நீங்கள் பேரையும் நட்சத்திரத்தையும் மட்டும் சொல்லுங்கோ ஐயா. மிச்சத்தை நான் பிள்ளையாரோட கதைக்கிறன்."

ஐயர் தீபம் காட்டி முடித்த பிறகும் அவள் கண்ணைத் திறக்கவில்லை.