இரண்டு குப்பிகள்

அண்ணனுடைய இடது சிறுநீரகத்தின் விலை, தம்பிக்கு மட்டும், இலவசம். அங்கேதான் தம்பிக்கு இடித்தது. பருப்பு மொத்த வியாபாரத்தில் பிறந்து வளர்ந்தவன். சும்மா வருகிற மூட்டையைத்தான், மாதிரி எடுக்கும் குத்தூசியை அடிவரை விட்டுப் பார்ப்பான்.

அவனுடைய சிறுநீரகங்கள் சல்லடை கிழிந்து ரொம்ப நாளாயிற்று. ரத்தத்தில் நிற்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகியது. எவ்வளவு ஒழுகுகிறது என்பதை வைத்தே, மிச்சம் எவ்வளவு காலம் தாங்கும் என்று டாக்டரம்மா ஒரு கணக்குச் சொல்லிவிடுவார். அவரையும் ஏமாற்றிப் பார்த்தாயிற்று. போன தடவை குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மாதிரி கொடுத்தான். அவர் சிரிக்காமல் சொன்னார், கூடவே இன்னொரு கழிவையும் அளந்து இரண்டையும் ஒப்பிட்டுத்தான் பார்க்கிறோம், நீங்கள் ஏரியையே குடித்தாலும் விகிதம் மாறாது என்று.

இந்தத் தடவையும் அளவு ஏறியிருந்தால் மாற்று அறுவைக்குத் தயாராக வேண்டும். அதைக் கேட்ட அன்றே அண்ணன் தன்னுடையதைத் தருவதாகச் சொல்லிவிட்டார், கடையில் கூடுதலாக நிற்கும் தராசைத் தள்ளிவிடுகிறவர் போல. ரெண்டு இருக்கிறதாம், ஒன்று சும்மாதானே கிடக்கிறதாம். அப்பா போனபின் இவனைத் தோளில் போட்டு வளர்த்தவர், அறுபதை நெருங்குகிறார். அவர் மேல் கத்தி படக்கூடாது. தம்பிக்கு அதுதான் கவலை, தன் உடம்பு அப்புறம்.

அதனால் சோதனைக்கூடத்தில் அவன் செய்தது, மூட்டைக்கு மாதிரி காட்டிப் பழகியவனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய வேலை. தானம் தருகிறவருக்கும் சோதனை உண்டு என்பதால் இருவர் சிறுநீர்க் குப்பிகளும் ஜன்னல் தட்டில் ஒட்டி ஒட்டி நின்றன. அண்ணன் கைகழுவப் போன நேரம் பார்த்து, பெயர்ச் சீட்டுகளை உரித்து மாற்றி ஒட்டினான். இவனுடைய ஓட்டைச் சரக்கு அண்ணன் பெயரில் போகும்; கொடுக்கத் தகுதியில்லை என்று அனுப்பிவிடுவார்கள். அண்ணனுடைய சுத்தச் சரக்கு இவன் பெயரில் போகும்; அவசரமில்லை என்பார்கள். இரண்டு பக்கமும் லாபம்.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா முதலில் அண்ணன் தாளை எடுத்தார். அவருக்கும் புரதம் ஒழுகுகிறது, தானம் செய்ய முடியாது என்றார். அண்ணன் விடவில்லை. கொஞ்சம் பழசானாலும் நல்ல சரக்குதான், பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று பேரத்தில் இறங்கினார். தம்பி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். உள்ளே மூட்டை இறக்கிய சுகம்.

டாக்டரம்மா அடுத்த தாளை எடுத்தார். போன தடவைத் தாளோடு சேர்த்து வைத்துப் பார்த்தார்.

"உங்களோடது போன தடவையைவிட ரெண்டு மடங்கு," என்றார் தம்பியிடம். "இந்த வேகத்துல போனா ரெண்டு வருஷம் தாங்கறதே கஷ்டம்."

தம்பி அண்ணனைப் பார்த்தான். செருப்பு வார் அழுந்திய தடம் அவருடைய வீங்கிய பாதத்தில் பள்ளமாக இருந்தது. கழிவறைப் பொடி ஏன் இப்படி நுரைக்கிறது என்று வீட்டில் அவர் திட்டிக்கொண்டே இருப்பதும் நினைவுக்கு வந்தது. பொடியை இரண்டு தடவை மாற்றிக் கொடுத்தவன் இவன்தான். நுரைத்தது பொடி இல்லை, அவரிடமிருந்து ஒழுகிய புரதம்.

"டாக்டர், அது என்னோடது இல்ல," என்றான். "சீட்டை மாத்தி ஒட்டிட்டேன்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். புதுக் குப்பிகள் வந்தன. இந்தத் தடவை நர்ஸே சீட்டு ஒட்டினாள். முடிவு மாறவில்லை, பெயர்கள்தான் மாறின. மருந்தால் வேகத்தைக் குறைக்கலாம், கிழிந்ததைத் தைக்க முடியாது என்றார் அவர். அதற்கு மேல் அவரிடமும் சரக்கு இல்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அண்ணன் திட்டவில்லை.

"ஏண்டா, என் சரக்கை உன் பேர்ல தள்ளப் பார்த்தியே. முதல்ல ஒரு குத்தூசி போட்டுப் பார்க்கறதில்லையா?"

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்ணே."

"என்ன பண்ணியிருப்பே? தண்ணி குடிக்கச் சொல்லியிருப்பே."

தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் கடையடைக்கும் நேரத்தில் செய்வது போல விரலை மடக்கினார்.

"ஆள் ரெண்டு. கிட்னி நாலு. குடுக்கத் தேறினது ஒண்ணுமில்ல. தேவை, ரெண்டு."